ஓய்வுக்காலப் பணத்தில் தங்கத்துக்கு எவ்வளவு இடம்?

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று இந்த ராமநாதபுரம் கரையோரத்தில் எங்கே போனாலும், சபர் (வெளிநாட்டு வேலை) முடித்து ஊர் திரும்பியவருக்கு அக்கம்பக்கத்தார் சொல்லும் யோசனை இரண்டுதான்: மனை வாங்கிப் போடு, இல்லாவிட்டால் தங்கம் வாங்கிப் போடு. தங்கம் ஏறிய வேகத்தைப் பார்த்த பிறகு பி.எஃப். பணம் கைக்கு வந்தவர்களும், வங்கியில் வைப்பு நிதி வைத்திருப்பவர்களும் அதை அப்படியே எடுத்துத் தங்கமாக மாற்றிவிடலாமா என்று கேட்கிறார்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் மாற்றலாம், முழுவதும் கூடாது, மாற்றும் அந்தக் கொஞ்சத்தையும் நகையாக வாங்கக் கூடாது.

பணத்தைப் பிரித்து வைக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் எப்படிப் பிரிப்பது என்பதில்தான் குழப்பம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மண்டபத்திலோ ராமேஸ்வரத்திலோ படகு வருமானத்தை மட்டும் நம்பியிருக்கும் வீடு அந்த இரண்டு மாதமும் கடன் வாங்கித்தான் ஓடும். அண்ணன் தம்பி இரண்டு பேரும் இரண்டு வெவ்வேறு படகில் போகிறார்கள் என்றாலும் அதே கதைதான், ஏனென்றால் தடை வந்தால் இரண்டு படகும் ஒரே நாளில் நிற்கும். ஒருவர் படகிலும் இன்னொருவர் துபாயிலும் இருக்கும் வீட்டில் அப்படி ஆகாது, மீன்பிடித் தடைக்காக துபாய்ச் சம்பளம் நிற்காது. பணத்தைப் பிரிப்பதும் இப்படித்தான். மூன்று வங்கியில் மூன்று வைப்பு நிதி போட்டால் அது பிரித்து வைத்ததாகாது. விலைவாசி ஏறும்போது மூன்றின் மதிப்பும் சேர்ந்துதான் தேயும். ஒரே காரணத்தால் ஒரே நேரத்தில் அடி வாங்காத பொருள்களாகப் பார்த்துப் பணத்தைப் பகிர்ந்து வைக்க வேண்டும்.

தங்கம் அந்த வேலைக்குப் பொருந்துகிறது. வைப்பு நிதி என்பது வங்கி நமக்குக் கொடுத்த வாக்கு, கடன் பத்திரம் அரசு கொடுத்த வாக்கு, பங்கு என்றால் ஒரு கம்பெனியின் லாபத்தில் நமக்குள்ள உரிமை. தங்கம் யார் கொடுத்த வாக்கையும் நம்பி இல்லை, அதனால் வங்கி தடுமாறினாலும் பங்குச் சந்தை விழுந்தாலும் அதன் மதிப்பு அதோடு சேர்ந்து விழ வேண்டிய கட்டாயம் கிடையாது. 2008-ல் சென்செக்ஸ் பாதிக்கு மேல் சரிந்தது, அதே ஆண்டில் ரூபாய்க் கணக்கில் தங்கம் ஏறியது. நாடுகளும் இதைச் செய்கின்றன. 1991-ல் அந்நியச் செலாவணி வற்றிப்போனபோது இந்தியா சுமார் 47 டன் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி அடகு வைத்துத்தான் மூச்சு விட்டது. 2009-ல் ரிசர்வ் வங்கி சர்வதேச நாணய நிதியமான ஐ.எம்.எஃப்.-இடமிருந்து 200 டன் வாங்கியது. 2022, 2023, 2024 மூன்று ஆண்டுகளிலும் உலக மத்திய வங்கிகள் சேர்ந்து ஆண்டுக்கு ஆயிரம் டன்னுக்கு மேல் வாங்கியிருக்கின்றன. ஆனால் ரிசர்வ் வங்கியின் கையிருப்பில்கூட தங்கம் ஒரு பங்குதான், பெரும்பகுதி வெளிநாட்டு நாணயச் சொத்தாகத்தான் இருக்கிறது.

யார் வாக்கையும் நம்பி இல்லை என்பதாலேயே தங்கம் வட்டியும் தராது. ஓய்வுபெற்றவருக்கு இதைவிட முக்கியமான விஷயம் வேறு இல்லை என்று நினைக்கிறேன். வளைகுடாவில் இருபது வருடம் உழைத்தவருக்கு மாத ஓய்வூதியம் என்று எதுவும் வராது, வேலை முடியும்போது ஒரு தொகை வரும், அவ்வளவுதான். ஐக்கிய அரபு அமீரகத்தில் முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்குமேல் ஒவ்வொரு வருடத்துக்கும் 30 நாள் என்பது கணக்கு. அதையும் சேமிப்பையும் சேர்த்து 30 லட்சம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 20 லட்சத்தை அஞ்சலகத்திலோ வங்கியிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், 8.2% வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 41,000 ரூபாய் வந்துகொண்டே இருக்கும். 2023 ஏப்ரலில் வந்த வட்டி அது, அரசு அதைக் காலாண்டுக்கு ஒருமுறை மறுபடி முடிவு செய்யும், ஆனால் நாம் பணம் போடும் நாளில் உள்ள வட்டி நம் கணக்குக்கு ஐந்து வருடம் மாறாது. பொதுவாக 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான திட்டம், உச்சவரம்பு 30 லட்சம், வெளிநாட்டு இந்தியர் என்ற நிலையில் இருக்கும்வரை சேர முடியாது, ஊரோடு வந்து தங்கிய பிறகுதான் சேரலாம். அதே 20 லட்சம் தங்கமாக இருந்தால் மூன்று மாதம் கழித்தும் அதே எடைதான் இருக்கும். அரிசிக்கும் மருந்துக்கும் அதில் கொஞ்சம் கொஞ்சமாக விற்க வேண்டும், விலை இறங்கிக் கிடக்கும் மாதத்திலும் விற்றே ஆக வேண்டும்.

விலை இறங்குமா என்று கேட்பவர்கள் பழைய கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1980 ஜனவரியில் ஓர் அவுன்ஸ் (சுமார் 31 கிராம்) தங்கம் சுமார் 850 டாலரைத் தொட்டது. 1999-ல் 250 டாலரை ஒட்டி வந்து நின்றது. பழைய 850-ஐத் திரும்பத் தொட்டது 2008-ல்தான், 28 வருடம்! அறுபது வயதில் உச்சத்தில் வாங்கியவர் எண்பத்தெட்டு வயதில் போட்ட பணத்தைப் பார்த்திருப்பார், அதுவும் டாலரின் மதிப்பு தேய்ந்ததைக் கணக்கில் எடுக்காமல். அப்புறம் 2011-ல் 1,900 டாலர், 2015 முடிவில் 1,050 பக்கம், 2025 அக்டோபரில் 4,000 டாலருக்கு மேல். நம் ஊரில் பலருக்கு 2011-க்குப் பிறகு வந்த வீழ்ச்சி நினைவில் இல்லாததற்குக் காரணம் இருக்கிறது. அதே காலத்தில் டாலர் 45 ரூபாய் என்று இருந்தது 66 ரூபாய் ஆகிவிட்டது, தங்கம் டாலரில் விழுந்ததில் பெரும்பகுதியை ரூபாய் விழுந்து மறைத்துவிட்டது. நாம் கடையில் பார்க்கும் பவுன் விலையில் உலக விலை, டாலர் விலை, இறக்குமதி வரி மூன்றும் சேர்ந்தே இருக்கும். 2024 ஜூலை பட்ஜெட்டில் இறக்குமதி வரியை 15%-லிருந்து 6% ஆக்கியதும் உலகச் சந்தையில் பெரிதாக ஒன்றும் நடக்காமலே இங்கே பவுன் விலை இறங்கியதைப் பார்த்தோம்.

இப்போது நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். இந்தக் கரையில் நடுத்தர வீடு எதை எடுத்துக்கொண்டாலும் கொஞ்சமாவது தங்கம் இருக்கும். அப்படியானால் ஓய்வுக்காலத்துக்கு ஏற்கெனவே தங்கம் சேர்த்தாயிற்று என்று அர்த்தமா? இல்லை என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது. வீட்டில் இருக்கும் ஒரு சங்கிலியை நாம் மூன்று கணக்கில் எழுதி வைத்திருக்கிறோம். மகள் கல்யாணத்துக்கு அதுதான். படகு எஞ்சின் பழுதானாலோ, தடைக்காலம் முடிந்து டீசலும் ஐஸும் வலையும் வாங்கப் பணம் வேண்டுமென்றாலோ அடகுக்குப் போவதும் அதுதான். வயதான காலத்துக்கு என்று சொல்லி நிம்மதியாக இருப்பதும் அதே சங்கிலியைக் காட்டித்தான். கல்யாணச் சீராகப் போன நகை திரும்ப வராது, அடகில் இருக்கும் நகை வட்டி கட்டி மீட்கும்வரை நம்முடையதாக இருந்தும் நம் கையில் இல்லை. ஆகவே நகைகளை எடுத்து வைத்துக்கொண்டு, மனைவியும் பிள்ளைகளும் மனம் கசக்காமல் விற்கச் சம்மதிக்கும் நகை எது என்று வீட்டில் உட்கார்ந்து பேசிப் பிரித்து வையுங்கள். அது மட்டும்தான் ஓய்வுக்காலக் கணக்கில் வரும். மற்றது குடும்பச் சொத்து, நல்ல விஷயம்தான், ஆனால் இந்தக் கணக்கில் சேராது. பல வீடுகளில் இந்தக் கணக்கில் வருவது ஒரு பவுன்கூட இருக்காது. சில வீடுகளில் எதிர்மாறாக, சேமிப்பில் முக்கால்வாசி தங்கமாகவே இருக்கும், அவர்கள் இனி தங்கத்தைக் கூட்டக் கூடாது, குறைத்து மாத வருமானம் தரும் இடத்துக்கு மாற்ற வேண்டும்.

எவ்வளவு வைக்கலாம்? பொதுவாக நிதி ஆலோசகர்கள் பத்து சதவீதத்தை ஒட்டிச் சொல்வார்கள், 15-ஐத் தாண்ட வேண்டாம் என்பது என் கருத்து. காரணத்தை மேலே சொன்ன 30 லட்சத்திலேயே பார்க்கலாம். அதில் 3 லட்சம் தங்கம் என்றால், தங்கம் பாதியாக விழுந்தாலும் நஷ்டம் ஒன்றரை லட்சம், மொத்தத்தில் 5%, தாங்கிக்கொள்ளலாம். முப்பதும் தங்கம் என்றால் 15 லட்சம் காணாமல் போகும், அதே நேரத்தில் சாப்பாட்டுக்கும் அதிலிருந்துதான் விற்க வேண்டும். தங்கம் இரண்டு மடங்கானால்? 3 லட்சம் 6 ஆகும், மீதி 27 அப்படியே இருப்பதாக வைத்தால் மொத்தம் 33, தங்கத்தின் பங்கு 18%. அப்போது சுமார் 2.7 லட்சத்துக்குத் தங்கத்தை விற்று மீண்டும் பத்து சதவீதத்துக்குக் கொண்டுவந்து, விற்ற பணத்தை வட்டி வரும் இடத்தில் போட வேண்டும். பிரித்து வைப்பதன் பலன் கைக்கு வருவது இந்த இடத்தில்தான், ஏறியபோது விற்காமல் பார்த்துக்கொண்டே இருந்தால் வராது. வருடத்துக்கு ஒருமுறை, தடைக்காலத்திலோ ரமலானிலோ, வீட்டில் எப்படியும் கணக்குப் பார்க்கும் ஒரு நேரத்தில் இதையும் பார்த்துவிடுங்கள்.

விற்க வேண்டியது வரும் என்பதால்தான் நகையாக வேண்டாம் என்கிறேன். ஒரு லட்சம் ரூபாய் மதிப்புள்ள தங்கத்தை 12% சேதாரத்தோடு நகையாக வாங்கினால் 1,12,000 ஆகும், அதன் மேல் 3% ஜி.எஸ்.டி. சேர்த்தால் 1,15,360. விற்கப் போகும்போது சேதாரமும் வரியும் திரும்பி வராது, கல் வைத்த நகை என்றால் கல்லின் எடையும் கழியும். அதாவது தங்கம் 15% ஏறினால்தான் போட்ட முதல் திரும்பும். போட்டுக்கொள்ளத்தான் நகை, அதற்கு அந்தச் செலவு சரி. வாங்கும் நகை எதுவானாலும் எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இலக்கத்தில் ஹெச்.யு.ஐ.டி. குறி இருக்க வேண்டும், 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகைக்கு அது கட்டாயம், பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்தக் குறியைப் போட்டால் எந்தப் பொருள், எவ்வளவு தூய்மை என்று வந்துவிடும். நாணயமாக வாங்கினால் சேதாரம் மிகக் குறைவு, ஆனால் வங்கி விற்கும் நாணயத்தை வங்கியே திரும்ப வாங்காது என்பது பலருக்குத் தெரிவதில்லை, நகைக்கடைக்குத்தான் போக வேண்டும்.

கையில் வைத்திருப்பதில் இன்னொரு கவலையும் இருக்கிறது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியை இழந்த கரை இது, கடலுக்குப் பக்கத்தில் வீட்டுப் பீரோவில் வாழ்நாள் சேமிப்பை வைக்க யாருக்கும் மனம் வராது. லாக்கரில் வைத்தாலும் விதியைத் தெரிந்து வையுங்கள். தீ, திருட்டு, ஊழியர் மோசடி என்றால் வங்கியின் பொறுப்பு லாக்கரின் ஆண்டு வாடகையில் நூறு மடங்குவரைதான். வாடகை 2,000 ரூபாய் என்றால் 2 லட்சம், உள்ளே எவ்வளவு இருந்தாலும் சரி. வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றத்தில் போனால், வங்கியின் அலட்சியம் இல்லாதவரை அதுவும் கிடையாது.

அதனால் ஓய்வுக்காலப் பங்குக்கு எனக்குச் சரியாகப் படுவது கோல்ட் இ.டி.எஃப். தூய தங்கத்தை ஃபண்ட் நிறுவனம் வாங்கிப் பாதுகாப்பில் வைத்திருக்கும், நமக்கு அதன் யூனிட் இருக்கும், சில திட்டங்களில் ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு அளவுக்குச் சிறிய யூனிட்டே உண்டு, பங்குச் சந்தை திறந்திருக்கும் எந்த நாளிலும் தேவையான அளவு மட்டும் விற்கலாம். ஒரு வளையலை வெட்டி மாதச் செலவுக்கு விற்க முடியாது, இதில் முடியும். சேதாரம் இல்லை, ஆண்டுக் கட்டணம் பொதுவாக ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பங்குகளையும் யூனிட்களையும் மின்னணு வடிவில் வைக்கும் டிமேட் கணக்கு வேண்டும். அது தொந்தரவு என்றால் கோல்ட் ஃபண்ட் என்று இருக்கும் மியூச்சுவல் ஃபண்ட் வழியாகவும் போகலாம், அது அந்த இ.டி.எஃப்.-ஐத்தான் வாங்குகிறது, கட்டணம் சற்றுக் கூடும். வரியைப் பொறுத்தவரை, இ.டி.எஃப்.-ஐ ஒரு வருடத்துக்கு மேலும், நகை, நாணயம், கோல்ட் ஃபண்ட் ஆகியவற்றை இரண்டு வருடத்துக்கு மேலும் வைத்து விற்றால் லாபத்தில் 12.5%. அதற்கு முன்னால் விற்றால் உங்கள் மற்ற வருமானத்தோடு சேர்த்து வரி. மொத்தப் பணத்தையும் ஒரே நாளில் போடாமல் ஒரு வருடம், இரண்டு வருடமாகப் பிரித்துப் போடுங்கள்.

அரசுத் தங்கப் பத்திரம் என்று ஒன்று இருந்ததே என்பீர்கள். 2015 நவம்பரில் தொடங்கியது, எட்டு வருடம், பெரும்பாலான வெளியீடுகளுக்கு 2.5% வட்டியும் உண்டு, வெளியிடும்போதே நேரடியாக வாங்கி முதிர்வுவரை வைத்திருந்தால் லாபத்துக்கு வரி இல்லை. இவ்வளவு நல்ல ஏற்பாட்டை அரசு 2024 பிப்ரவரியோடு நிறுத்தியது எனக்கு வருத்தம்தான். வைத்திருப்பவர்கள் முதிர்வுவரை விற்காதீர்கள். செல்போன் செயலியில் பத்து ரூபாய்க்கும் நூறு ரூபாய்க்கும் விற்கும் டிஜிட்டல் தங்கத்தில் ஓய்வுக்காலப் பணத்தைப் போட வேண்டாம். அது தங்கள் கண்காணிப்பில் வராது என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2025 நவம்பரில் எச்சரித்திருக்கிறது. நகைச் சீட்டும் அப்படித்தான், நகைக்கடையில் கட்டும் தவணைக்கு வங்கி வைப்பு நிதிக்கு இருப்பதுபோல் 5 லட்சம்வரை காப்பீடு கிடையாது, கடை மூடினால் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

வட்டி கூடாது என்று வாழ்பவர்கள் இந்தக் கரையில் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு மேலே சொன்ன வைப்புத் திட்டங்கள் பொருந்தாது, அதனால்தான் தங்கத்தில் அதிகம் போடுகிறார்கள், அது புரிகிறது. ஆனாலும் தங்கம் மாத வருமானம் தராது என்பது அவர்களுக்கும் உண்மைதான், கூடவே சேர்த்து வைத்த தங்கம் ஜகாத் கடமையாகும் குறைந்தபட்ச அளவான நிஸாபை எட்டினால் வருடம் 2.5% ஜகாத் போகும். ஆகவே கடை வாடகை, வீட்டு வாடகை, ஷரியா முறைப்படி தேர்ந்தெடுத்த பங்குகளில் போடும் ஃபண்ட் போன்ற இடங்களில் வருமானப் பகுதியை அமைத்துக்கொண்டு, தங்கத்தை ஒரு பங்காக வைப்பதே நல்லது. இ.டி.எஃப். பற்றிய மார்க்கத் தீர்ப்பை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

இந்த மாவட்டத்துக்கென்றே சொல்ல வேண்டியது ஒன்று. கடல் வழியாக வந்தது, பில் கிடையாது, கிராமுக்கு இவ்வளவு குறைவு என்று யாராவது காதில் போட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள். மன்னார் வளைகுடாவில் தங்கம் பிடிபட்ட செய்தி வராத வருடம் இல்லை. சுங்கச் சட்டத்தின் 123-வது பிரிவுப்படி, கடத்தல் தங்கம் என்று நியாயமாகச் சந்தேகித்துப் பறிமுதல் செய்தால், அது கடத்தல் இல்லை என்று நிரூபிக்க வேண்டியது வைத்திருப்பவர்தான். அறுபது வயதில் அந்தச் சங்கடம் யாருக்கும் வேண்டாம்.

வெள்ளியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெள்ளி பாதி உலோகச் சேமிப்பு, பாதி தொழிற்சாலைச் சரக்கு. கமுதிப் பக்கம் 2016-ல் வந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள், பொதுவாகச் சூரியத் தகடுகளில் மின்சாரத்தைச் சேகரிக்கும் மெல்லிய கோடுகள் வெள்ளிப் பசையால் ஆனவை. தொழில் நன்றாக ஓடினால் வெள்ளி பறக்கும், தொழில் படுத்தால் தங்கத்தைவிட வேகமாக விழும். 1980-ல் 50 டாலரை நெருங்கியது, 2011-லும் அதே இடம், 2020 மார்ச்சில் 12 டாலர் பக்கம், 2025 அக்டோபரில்தான் 50-ஐத் தாண்டியது. அந்த அக்டோபரில் இங்கே சில்வர் இ.டி.எஃப்.கள் உள்ளே இருக்கும் வெள்ளியின் மதிப்பைவிட அதிக விலைக்குக் கைமாறின, சில ஃபண்ட் நிறுவனங்கள் புதுப் பணம் வாங்குவதையே நிறுத்தி வைத்தன. ஊரே வாங்கும்போது வாங்கினால் இப்படித்தான் ஆகும். ஓய்வுக்காலப் பணத்தில் வெள்ளி வேண்டுமென்றால் தங்கத்துக்கு ஒதுக்கிய பத்து சதவீதத்துக்குள்ளேயே கொஞ்சம், அதற்கு மேல் வேண்டாம்.

ஓய்வூதியக் கணக்கையே தங்கமாக மாற்றலாம் என்று வரும் ஆங்கில வீடியோக்கள் அமெரிக்காவைப் பற்றியவை. அங்கே ஐ.ஆர்.ஏ. என்ற தனிநபர் ஓய்வூதியக் கணக்கில் 1997-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு குறிப்பிட்ட தூய்மையுள்ள தங்கம், வெள்ளி, பிளாட்டினம், பல்லேடியம் கட்டிகளை வைக்கலாம், அதுவும் வீட்டில் இல்லை, அங்கீகாரம் பெற்ற காப்பாளரிடம். அமைக்கக் கட்டணம், வைக்கக் கட்டணம், வாங்கும்போதும் விற்கும்போதும் விலை வித்தியாசம் என்று வியாபாரிக்கு நல்ல வரும்படி இருப்பதால்தான் இவ்வளவு விளம்பரம். இங்கே இ.பி.எஃப். கணக்கைத் தங்கக் கணக்காக மாற்ற வழி கிடையாது, மாற்றித் தருகிறேன் என்று யாராவது போன் செய்தால் துண்டித்துவிடுங்கள்.

கடைசியாக, வாங்கிய பிறகு செய்ய வேண்டியது. டிமேட் கணக்கிலும் ஃபண்டிலும் லாக்கரிலும் நாமினி பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். நகை, நாணயம் எல்லாவற்றின் பில்லையும் ஓர் உறையில் போட்டு, செல்போனில் படமும் எடுத்து வையுங்கள், நாளைக்குப் பிள்ளைகள் விற்கும்போது வரிக் கணக்குக்கு வாங்கிய விலையும் தேதியும் தேவைப்படும். எந்தக் கணக்கு எங்கே இருக்கிறது என்று மனைவிக்கு எழுதிக் கொடுங்கள். வருடக்கணக்கில் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பிய பலருடைய வீட்டில் அந்த ஒரு தாள்தான் இல்லாமல் இருக்கிறது.